காப்பீட்டு மருத்துவமனையைக் காட்டும் இணையச் செயலி

மருத்துவக் காப்பீட்டு அட்டை இன்று நம் கிராமங்களில் பல வீடுகளில் இருக்கிறது. இரும்புப் பெட்டியிலோ, சுவாமி படத்தின் பின்னாலோ, குடும்ப அட்டையோடு சேர்த்துப் பத்திரமாக வைக்கப்பட்டிருக்கிறது. ஆனால், நோய் வந்த நாளில் அதை எடுத்துக்கொண்டு எந்த மருத்துவமனைக்குச் செல்வது என்று கேட்டால், விடை கூறுவோர் சிலரே. அட்டை செல்லாத மருத்துவமனைக்கு நோயாளியை எடுத்துச் சென்று, அங்கே முன்பணம் கட்டியபின் உண்மையறிந்து வருந்துவோர் உண்டு. முன்பணத்துக்காகக் கறவை மாடு விற்கப்படுகிறது. நகை அடகுக்குச் செல்கிறது. இக்குறையை நீக்கக்கூடிய ஒரு கருவியைப்பற்றி, அஃதாவது காப்பீடு செல்லும் மருத்துவமனையைக் காட்டும் இணையச் செயலியைப்பற்றி, அஃது எவ்வாறு அமைக்கப்பட வேண்டும் என்பதை ஊராட்சி மன்ற உறுப்பினர்களும் உழவர் பெருமக்களும் அறிந்து வைத்திருத்தல் நலம்.

முதலில் திட்டத்தின் வரலாற்றைச் சுருக்கமாகக் காண்போம். தமிழ்நாட்டில் 2009 ஆம் ஆண்டு ஜூலையில் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் என்னும் பெயரில் உயர்தரச் சிகிச்சைக்கான அரசுக் காப்பீடு தொடங்கியது. 2012 ஜனவரி 11 முதல் அது முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் என்னும் பெயருடன், பொதுத்துறையைச் சேர்ந்த யுனைடெட் இந்தியா காப்பீட்டு நிறுவனத்தின் வாயிலாக நடைபெறலாயிற்று. 2018 செப்டம்பரில் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டம் தொடங்கியபின் இரண்டும் இணைக்கப்பட்டு, குடும்பம் ஒன்றுக்கு ஆண்டுக்கு ரூ.5 இலட்சம் வரை காப்பீடு என்னும் நிலை ஏற்பட்டது. குடும்ப ஆண்டு வருமான வரம்பு முன்னர் ரூ.72,000 ஆக இருந்தது, பின்னர் ரூ.1,20,000 ஆக உயர்த்தப்பட்டது. குடும்பம் என்பதில் கணவன், மனைவி, பிள்ளைகள், சார்ந்து வாழும் பெற்றோர் ஆகியோர் அடங்குவர். அவர்கள் பெயர் குடும்ப அட்டையில் இருத்தல் வேண்டும்.

இத்திட்டத்தைப்பற்றி மக்களிடையே நிலவும் ஒரு தவறான எண்ணத்தை இங்கே விளக்குதல் அவசியம். அட்டை இருந்தால் எந்த மருத்துவமனையிலும் எந்த நோய்க்கும் இலவசச் சிகிச்சை கிடைக்கும் என்று பலர் கருதுகின்றனர். உண்மை அதுவன்று. மூன்று நிபந்தனைகள் ஒருங்கே பொருந்த வேண்டும். அம்மருத்துவமனை திட்டத்தில் சேர்க்கப்பட்டதாக இருக்க வேண்டும். நோய்க்குரிய மருத்துவப் பிரிவும் அங்கே திட்டத்தின்கீழ் ஏற்கப்பட்டிருக்க வேண்டும். இருதயப் பிரிவுக்கு ஏற்கப்பட்ட ஒரு மருத்துவமனை, எலும்பு முறிவுப் பிரிவுக்கு ஏற்கப்படாமல் இருக்கலாம். மேலும், செய்யப்படும் சிகிச்சை, ஆயிரத்துக்கு மேற்பட்ட சிகிச்சைகள் அடங்கிய திட்டப் பட்டியலில் இடம் பெற்றிருக்க வேண்டும். சாதாரணக் காய்ச்சலுக்குப் புறநோயாளியாகச் சென்று மருந்து வாங்குவது இதில் அடங்காது. மூன்றும் பொருந்துமிடத்தில், மருத்துவமனையே காப்பீட்டு நிறுவனத்திடம் முன் அனுமதி பெற்றுச் சிகிச்சையைத் தொடங்கும். நோயாளி பணம் கட்ட வேண்டுவதில்லை. ஆகவே, 'இந்த மருத்துவமனை திட்டத்தில் உள்ளதா?' என்று மட்டும் கேட்பது அரைக் கேள்வியே ஆகும்.

செயலி அமைப்போர் பலர் தவறுவதும் இவ்விடத்தில்தான். மருத்துவமனைகளின் பெயர்களை வரிசையாகக் காட்டிவிட்டால் பணி முடிந்தது என்று எண்ணிவிடுகின்றனர்.

இனிச் செயலியின் அமைப்பைக் காண்போம். இணையச் செயலி என்பது, கைப்பேசியில் எதையும் தனியே பதிவிறக்கம் செய்யாமல், இணைய முகவரியைத் தட்டிய அளவில் திறந்து, நாம் கேட்கும் கேள்விக்கேற்ப விடை தரும் பக்கமாகும். அதன் முகப்பைக் கண்டு மயங்க வேண்டுவதில்லை. அதன் உயிர்நிலை உள்ளே இருக்கும் அட்டவணைகளே. கிராமக் கணக்கில் நிலத்துக்கு ஓர் ஏடும், பட்டாதாரருக்கு ஓர் ஏடும், எந்த நிலம் எவருடையது என்பதற்கு ஓர் ஏடும் இருப்பது போலவே, இங்கும் மருத்துவமனைகளுக்கு ஓர் அட்டவணையும், காப்பீட்டுத் திட்டங்களுக்கு ஓர் அட்டவணையும், எந்த மருத்துவமனை எந்தத் திட்டத்தில், எந்தப் பிரிவுக்கு, எந்த நாள் முதல் எந்த நாள் வரை சேர்க்கப்பட்டுள்ளது என்பதற்கு மற்றோர் அட்டவணையும் வேண்டும். இம்மூன்றாவது அட்டவணையே தலையாயது. அதில் தேதி இல்லையேல் செயலி நாளடைவில் பொய் சொல்லத் தொடங்கும்.

மருத்துவமனை ஒவ்வொன்றுக்கும் தனி எண் ஒன்று தேவை. ஒரே மருத்துவமனையின் பெயர் ஒரு பட்டியலில் ஒரு விதமாகவும், மற்றொன்றில் வேறு விதமாகவும் எழுதப்பட்டிருந்தால், கணினி அதனை இரண்டு மருத்துவமனைகளாகக் கொள்ளும். 2021 செப்டம்பரில் நாடு முழுவதற்கும் தொடங்கப்பட்ட ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் இயக்கத்தில் மருத்துவ நிலையங்களுக்கான பதிவேடு ஒன்று அமைக்கப்பட்டு, பதிவு செய்த நிலையங்களுக்குத் தனி எண் வழங்கப்படுகிறது. புதிதாகச் செயலி அமைப்போர் தமக்கென ஓர் எண் வரிசையை உண்டாக்காமல் இவ்வெண்ணையே பயன்படுத்துவது அறிவுடைமை.

அடுத்தது இடம். இதனைச் சாமல்பட்டியிலிருந்து பார்த்தால் நன்கு விளங்கும்.

சாமல்பட்டி, கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரை வட்டத்தைச் சேர்ந்தது. 1965 அக்டோபர் 2 ஆம் நாள் தருமபுரி மாவட்டம் பிரிக்கப்படும் வரை இப்பகுதி சேலம் மாவட்டத்தில் இருந்தது. பின்னர்த் தருமபுரி மாவட்டத்திலும், 2004 பிப்ரவரி 9 முதல் கிருஷ்ணகிரி மாவட்டத்திலும் சேர்ந்தது. ஊர் இருந்த இடத்திலேயே இருக்க, ஒரு தலைமுறை மக்கள் மூன்று மாவட்டங்களைக் கண்டுவிட்டனர்! ஊரில் இரயில் நிலையம் உண்டு. அது சேலத்துக்கும் ஜோலார்பேட்டைக்கும் இடையேயுள்ள பாதையில் அமைந்தது. வடகிழக்கே சென்றால் திருப்பத்தூர். அது 2019 நவம்பரில் தனி மாவட்டமாயிற்று. தென்மேற்கே சென்றால் மொரப்பூரும், அதற்கப்பால் சேலமும் வரும். ஆனால், மாவட்டத் தலைநகராகிய கிருஷ்ணகிரிக்கு இரயில் பாதை இல்லை. பேருந்தில்தான் செல்ல வேண்டும். அங்கிருந்து ஓசூர் மேலும் ஏறத்தாழ 50 கி.மீ. ஆகும்.

அரசுத் திட்டங்களின் மருத்துவமனைப் பட்டியல்கள் மாவட்ட வாரியாக அமைந்தவை. இணையத்தில் தேடும்போதும் மாநிலம், மாவட்டம், பிரிவு என்று தேர்ந்தெடுத்தே செல்கிறோம். நிர்வாகத்துக்கு இம்முறை பொருத்தமானது. ஆயினும், சாமல்பட்டி உழவர் ஒருவர் 'கிருஷ்ணகிரி மாவட்டம்' என்று தேர்ந்தெடுத்தால், தொலைவிலுள்ள ஓசூர் மருத்துவமனைகள் பட்டியலில் வரும். இரயிலேறினால் எட்டக்கூடிய திருப்பத்தூர் மருத்துவமனைகள் வாரா. தருமபுரியிலும் சேலத்திலும் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளும் வாரா. மாவட்ட எல்லையோரத்து ஊர்கள் அனைத்துக்கும் இத்துன்பம் உண்டு. ஆகையால் செயலி, மாவட்டத்தைக் கேளாமல் தொலைவைக் கணக்கிட்டு விடை தரல் வேண்டும்.

தொலைவைக் கணக்கிடுவது கடினமன்று. ஒவ்வோர் இடத்துக்கும் அட்சரேகை, தீர்க்கரேகை என்னும் இரண்டு எண்கள் உண்டு. நம் பகுதியில் அட்சரேகையில் ஒரு பாகை ஏறத்தாழ 111 கி.மீ.; தீர்க்கரேகையில் ஒரு பாகை ஏறத்தாழ 109 கி.மீ. ஓர் ஊருக்கும் ஒரு மருத்துவமனைக்கும் வடக்குத் தெற்காக 0.2 பாகையும், கிழக்கு மேற்காக 0.1 பாகையும் வேறுபாடு இருப்பின், அவை முறையே 22 கி.மீ., 11 கி.மீ. ஆகும். இரண்டையும் தனித்தனியே வர்க்கமாக்கிக் கூட்டி வர்க்கமூலம் கண்டால் நேர்க்கோட்டுத் தொலைவு ஏறத்தாழ 25 கி.மீ. என்று கிடைக்கும். பள்ளியில் பயின்ற செங்கோண முக்கோணக் கணக்கேயன்றி வேறன்று. ஆயினும் மனிதர் பறவையைப் போல் நேர்க்கோட்டில் செல்வதில்லை. ஆறும் குன்றும் குறுக்கிடும் நம் மாவட்டத்தில் 25 கி.மீ. என்பது சாலை வழியில் 40 கி.மீ. ஆகவும் கூடும். எனவே நேர்க்கோட்டுக் கணக்கால் அருகிலுள்ள பத்து மருத்துவமனைகளை முதலில் பொறுக்கி, அவற்றுக்கு மட்டும் சாலைத் தொலைவைக் கண்டு மீண்டும் வரிசைப்படுத்துவது சிறந்த முறை. இரவில் பேருந்து இல்லாத தடம் எது என்பதையும் சேர்த்துக் காட்டக்கூடுமாயின் அதனினும் நன்று.

இரு எண்களையும் இடம் மாற்றி எழுதிவிடுவது அடிக்கடி நேரும் பிழை. நம் பகுதியின் அட்சரேகை 12, தீர்க்கரேகை 78. இவற்றை மாற்றி எழுதினால், ஊத்தங்கரை வட்டத்து மருத்துவமனை வடதுருவத்தை அடுத்துள்ள ஸ்வால்பார்டு என்னும் பனித்தீவுக் கூட்டத்தில் போய் நிற்கும்! தமிழ்நாட்டு எல்லைக்கும் அண்டை மாநிலங்களுக்கும் அப்பால் எந்த மருத்துவமனை விழுந்தாலும் அப்பதிவை ஏற்காது திருப்பியனுப்புமாறு செயலியில் ஒரு காவல் வைத்தல் வேண்டும்.

மூன்றாவது, சொல். திட்டப் பட்டியலில் சிகிச்சைகள் ஆங்கில மருத்துவப் பெயர்களில் உள்ளன. உழவரோ 'நெஞ்சடைப்பு' என்பார், 'கல்லடைப்பு' என்பார், 'குடலிறக்கம்', 'மூட்டுத் தேய்மானம்', 'கர்ப்பப்பை இறங்கிவிட்டது' என்று கூறுவார். இச்சொற்களை உரிய மருத்துவப் பிரிவுகளோடு இணைக்கும் சொற்பட்டியல் ஒன்றைச் செயலியினுள் அமைக்க வேண்டும். இதனைக் கணினி வல்லுநர் தம் அறையில் அமர்ந்து தயாரிக்க இயலாது. கிராமச் சுகாதாரச் செவிலியரும், 2021 ஆகஸ்டு 5 ஆம் நாள் இம்மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின்கீழ் வீடுதோறும் செல்லும் ஊழியர்களும் இச்சொற்களைத் தினந்தோறும் கேட்கின்றனர். அவர்களைக் கேட்டறிந்தே பட்டியல் அமைக்க வேண்டும். ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கங்களில் தெலுங்கும் கன்னடமும் பேசுவோர் பலர். அவர்தம் சொற்களும் அதில் இடம்பெறல் வேண்டும். ஒரு சொல்லுக்கு இரண்டு பிரிவுகள் பொருந்துமாயின், செயலி ஒன்றைத் தானே முடிவு செய்யாமல் இரண்டையும் காட்டி, முதலில் ஆரம்பச் சுகாதார நிலைய மருத்துவரைக் காணுமாறு கூறுவதே முறை. நோயை நிர்ணயிப்பது செயலியின் வேலையன்று.

அவசர நிலைக்குச் செயலியில் தனிவழி வேண்டும். தேடும் வழியே கூடாது. பாம்பு கடித்தவரையோ, நெஞ்சுவலி கண்டவரையோ, விபத்தில் அடிபட்டவரையோ வைத்துக்கொண்டு கைப்பேசியில் பட்டியலைப் புரட்டுவது பேராபத்து. முகப்பின் முதல் வரியாக 108 என்னும் எண் பெரிய எழுத்தில் இருந்து, தொட்டவுடன் அழைப்புச் செல்ல வேண்டும். தமிழ்நாட்டில் 2008 செப்டம்பரில் தொடங்கிய இவ்வூர்திச் சேவைக்குக் கட்டணம் இல்லை. பெங்களூரு–சென்னை நெடுஞ்சாலையும், சேலம் வழியாகத் தெற்கே செல்லும் நெடுஞ்சாலையும் கிருஷ்ணகிரியில் கூடுவதால் இம்மாவட்டத்தில் சாலை விபத்துப்பற்றிய விழிப்பு மிகவும் வேண்டும். 2021 டிசம்பர் 18 இல் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம், நம்மைக் காக்கும் 48' திட்டத்தின்படி, தமிழ்நாட்டு எல்லைக்குள் விபத்துக்குள்ளானவர் எம்மாநிலத்தவராயினும், காப்பீட்டு அட்டை இல்லாதவராயினும், முதல் 48 மணி நேரத்துக்குரிய சிகிச்சை அத்திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில் இலவசமாக அளிக்கப்படும் என வகுக்கப்பட்டது.

இம்மாவட்டத்துக்கே உரிய மற்றொரு சிக்கலும் உண்டு. ஊத்தங்கரை வட்டத்து உழவரின் மகன் ஓசூரில் ஓர் ஆலையில் வேலை செய்கிறார் என்று கொள்வோம். ஊரிலுள்ள தந்தையிடம் முதலமைச்சரின் திட்ட அட்டை இருக்கிறது. மகனின் சம்பளத்திலோ தொழிலாளர் அரசுக் காப்பீட்டுக்கென, அதாவது ஈ.எஸ்.ஐ. என்று வழங்கும் காப்பீட்டுக்கென, மாதந்தோறும் பிடித்தம் செய்யப்படுகிறது. 1948 ஆம் ஆண்டுச் சட்டத்தால் பிறந்து, 1952 பிப்ரவரி 24 அன்று கான்பூரிலும் டில்லியிலும் முதன்முதலாகத் தொடங்கிய திட்டம் அது. 2017 ஜனவரியில் அதற்கான ஊதிய வரம்பு மாதம் ரூ.21,000 என உயர்த்தப்பட்டது; 2019 ஜூலையில் தொழிலாளியின் பங்கு ஊதியத்தில் நூற்றுக்கு 0.75 ஆகவும், முதலாளியின் பங்கு 3.25 ஆகவும் குறைக்கப்பட்டன. இதில் தொழிலாளியின் குடும்பத்தாருக்கும், சார்ந்திருக்கும் பெற்றோருக்கும்கூட மருத்துவ உதவி உண்டு. ஆனால், இதற்குரிய மருத்துவமனைகளும் மருந்தகங்களும் வேறு. முதலமைச்சரின் திட்ட மருத்துவமனைகள் வேறு. ஓசூரில் ஈ.எஸ்.ஐ. மருத்துவமனை ஒன்று இருக்கிறது. சம்பளம் வரம்பைத் தாண்டிய மற்றொரு மகனுக்கு ஆலை நிர்வாகமே தனியார் நிறுவனத்தில் குழுக் காப்பீடு எடுத்திருக்கலாம். அதற்கு மூன்றாவதொரு பட்டியல். ஆக, ஒரே வீட்டில் மூன்று காப்பீடுகள், மூன்று பட்டியல்கள்! எனவே செயலி முதலில் கேட்க வேண்டியது 'உங்கள் நோய் என்ன?' என்பதன்று; 'உங்களிடம் எந்த அட்டை உள்ளது?' என்பதே. அட்டைகளின் படத்தைக் காட்டி, தொட்டுத் தேர்ந்தெடுக்கச் செய்தால் எழுதப் படிக்க அறியாதவருக்கும் எளிதாகும்.

பெங்களூருக்குச் செல்வோர் சிறப்பாக ஒன்றை அறிய வேண்டும். ஓசூரிலிருந்து பெங்களூரு ஏறத்தாழ 40 கி.மீ. தொலைவே, பெரிய மருத்துவமனைகள் பல அங்கே உள்ளன. ஆனால் மாநில எல்லையைக் கடந்தவுடன் அட்டையின் விதியும் மாறுகிறது. ஆயுஷ்மான் பாரத் திட்டத்தின் பயனாளிக் குடும்பங்களுக்குப் பிற மாநிலங்களிலுள்ள திட்ட மருத்துவமனைகளிலும் சிகிச்சை பெறும் வசதி உண்டு. மாநில அரசின் வருமான வரம்பின்படி மட்டும் சேர்க்கப்பட்ட குடும்பங்களுக்கு அவ்வாறு தாமே கிடைக்கும் என்று கொள்ளலாகாது. ஆகவே, எல்லைக்கு அப்பாலுள்ள மருத்துவமனையைச் செயலி காட்டுமாயின், 'செல்லுமுன் தொலைபேசியில் உறுதி செய்க' என்னும் குறிப்பைத் தவறாமல் சேர்த்தே காட்ட வேண்டும்.

இவையெல்லாவற்றினும் கடினமானது பட்டியலைப் புதுப்பித்து வைத்திருப்பதேயாகும். மருத்துவமனைகள் திட்டத்தில் சேர்கின்றன, சில நீக்கப்படுகின்றன, ஒரு பிரிவின் மருத்துவர் விலகியதும் அப்பிரிவு நின்றுபோகிறது. வெளிநாடுகளிலும் இதே தொல்லைதான். அமெரிக்காவில் மக்கள் காப்பீட்டைத் தேர்ந்தெடுப்பதற்காக அரசு அமைத்த இணையத்தளம் 2013 அக்டோபர் 1 அன்று திறக்கப்பட்டபோது, பெருங்கூட்டத்தைத் தாங்காமல் தடுமாறிற்று. முதல் நாளில் அதன் வழியே சேர்ந்து முடித்தோர் அறுவர் மட்டுமே என்று பின்னர் வெளியாயிற்று. பெரும் பொருட்செலவில் அமைந்ததாயினும், போதிய சோதனையின்றித் திறந்ததன் விளைவு அது. அந்நாட்டுக் காப்பீட்டு நிறுவனங்களின் மருத்துவர் பட்டியல்களில், இல்லாத மருத்துவர்களின் பெயர்களும் மாறிப்போன தொலைபேசி எண்களும் மலிந்திருந்தமையால், 90 நாட்களுக்கு ஒருமுறையேனும் பட்டியலைச் சரிபார்த்தாக வேண்டும் என்று 2022 முதல் சட்டமே நடைமுறைக்கு வந்தது. செல்வம் மிக்க நாட்டிலேயே இந்நிலை என்றால், நாம் எச்சரிக்கையாக இருத்தல் வேண்டுமன்றோ?

ஆகவே, ஒவ்வொரு மருத்துவமனையின் பெயருக்கும் பக்கத்தில் 'கடைசியாகச் சரிபார்த்த நாள்' என்பது கண்ணுக்குத் தெரியுமாறு அச்சிடப்பட வேண்டும். மூன்று திங்களுக்கு மேல் சரிபார்க்கப்படாத பதிவு மங்கலான நிறத்தில் தோன்றட்டும். பழைய செய்தியைப் புதியதுபோல் காட்டும் செயலியைவிட, 'எனக்குத் தெரியவில்லை, தொலைபேசியில் கேளுங்கள்' என்று ஒப்புக்கொள்ளும் செயலியே உழவருக்குப் பயன்படும். படுக்கை காலியாக உள்ளதா, மருத்துவர் இன்று இருக்கிறாரா என்பனவற்றைப் பட்டியல் ஒருபோதும் கூற இயலாது. அதற்கு மருத்துவமனையின் தொலைபேசி எண்ணே வழி.

செயலியின் எடையும் கவனிக்கத்தக்கது. நகரத்து வேகத்தை நினைத்து, பெரிய படங்களும் அசையும் எழுத்துகளும் நிறைந்த பக்கத்தை அமைத்தால், அலைவரிசை நலிந்த கிராமத்தில் அது திறக்கவே திறக்காது. ஒரு மாவட்டமும் அதன் சுற்றுப்புறமும் அடங்கிய மருத்துவமனைப் பட்டியலை எழுத்தாக மட்டும் வைத்தால் மிகச் சிறிய கோப்பில் அடங்கிவிடும். ஒருமுறை திறந்தபின் அது கைப்பேசியிலேயே தங்கி, இணையம் இல்லாதபோதும் விடை தருமாறு அமைக்க முடியும். விலை குறைந்த பழைய கைப்பேசியில் ஓடிக் காட்டாத செயலியை ஏற்கலாகாது.

ஆதார் எண்ணையோ, நோயாளியின் பெயரையோ கேட்கும் தேடற் செயலியைக் கண்டால் ஐயுறுக. மருத்துவமனை எங்கே உள்ளது என்று கூற அவை எதுவும் தேவையில்லை. நோயைப்பற்றிய செய்தி அந்தரங்கமானது. 2023 இல் நாடாளுமன்றம் இயற்றிய டிஜிட்டல் தனியர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இத்தகைய செய்திகளைத் திரட்டுவோருக்குக் கடமைகளை விதித்துள்ளது. கேளாத செய்தி திருடு போகாது.

ஊராட்சி செய்யக்கூடிய பணி என்ன? செயலியைப் புதிதாகக் கட்டுவது ஓர் ஊராட்சியின் வேலையன்று. அதற்கு மாவட்ட நிர்வாகமும் பொறியியற் கல்லூரிகளும் முன்வர வேண்டும். ஆனால், அதன் பட்டியலைச் சரிபார்க்கும் பணி ஊராட்சியால்தான் சிறப்பாக நடைபெற முடியும். தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூட வேண்டும் என வகுக்கப்பட்டுள்ளது. முன்னர் நான்காக இருந்த கூட்டங்களுடன் மார்ச் 22, நவம்பர் 1 ஆகிய இரு நாட்கள் 2022 இல் சேர்க்கப்பட்டன. ஒவ்வொரு கூட்டத்திலும், கடந்த இரு திங்களில் காப்பீட்டு அட்டையுடன் மருத்துவமனை சென்றவர்கள் எந்தப் பிரிவுக்குச் சென்றனர், ஏற்கப்பட்டனரா, திருப்பியனுப்பப்பட்டனரா, பணம் கேட்கப்பட்டதா என்பதை விசாரித்து, நோயாளியின் பெயரை விடுத்துக் குறித்துக்கொள்ளலாம். மன்றம் இயங்கும்போது உறுப்பினர்களும், தேர்தல் நடைபெறாத இடைக்காலத்தில் தனி அலுவலரும் இப்பொறுப்பை ஏற்கலாம். இவ்வாறு ஊர்தோறும் திரட்டிய குறிப்புகள் வட்டார வளர்ச்சி அலுவலகம் வழியாக மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலுள்ள காப்பீட்டுத் திட்டப் பிரிவை அடையுமாயின், பட்டியல் திருந்தும்.

கைப்பேசியைப் பயன்படுத்த இயலாத முதியோருக்காக, அருகிலுள்ள மருத்துவமனைகளின் பட்டியலைப் பிரிவு வாரியாகத் தாளில் அச்சிட்டு ஊராட்சி அலுவலகம், கூட்டுறவுக் கடன் சங்கம், நியாயவிலைக் கடை, பால் கூட்டுறவுச் சங்கம் ஆகிய இடங்களில் ஒட்டலாம். தாளின் தலைப்பில் அச்சிட்ட நாளும், அடியில் முதலமைச்சரின் திட்டத்துக்கான கட்டணமில்லாத் தொலைபேசி எண் 1800 425 3993, ஆயுஷ்மான் பாரத் திட்டத்துக்கான எண் 14555, மருத்துவ ஆலோசனைக்கான எண் 104 ஆகியவையும் இருக்கட்டும். மூன்று திங்கள் கழித்துப் பழைய தாளைக் கிழித்தெறிந்துவிட்டுப் புதியதை ஒட்டுவதற்கு ஊராட்சிச் செயலரைப் பொறுப்பாக்குதல் வேண்டும்.